குளத்தோரக் காட்டு நெல்லும் வயலுக்குள் வரும் வரிநெல்லும்: மகரந்தத்தின் பங்கு எவ்வளவு, விதையின் பங்கு எவ்வளவு?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வயல். ஜோதி என்ற நெல் ரகம் போடுகிறீர்கள், சொந்த விதைதான். சில போகமாக வரிநெல், அதாவது பயிருக்குள் களையாக முளைக்கும் களை நெல், கூடிக்கொண்டே வருகிறது. பயிரைவிட உயரம், மணி நுனியில் நீளமான மீசை, அறுவடைக்கு முன்பே மணி உதிர்ந்துவிடுகிறது. வரப்பை ஒட்டிய குளத்தோரத்தில் காட்டு நெல் நிற்கிறது. அதன் மகரந்தம் பட்டுத்தான் உங்கள் ஜோதி கெட்டுப்போனது, குளத்தோரத்தை இயந்திரம் வைத்து வழித்துவிடுங்கள் என்று பக்கத்து வயல்காரர் சொல்கிறார். வேறு வேறு இனமான இரண்டு செடிகள் இப்படிக் கலக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. காரணம் குளத்தில் இருக்கிறதா, விதையில் இருக்கிறதா? எதை மாற்றினால் வரிநெல் குறையும்? உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இதற்கான பதில்தான் என்று நினைக்கிறேன்.

நான் பயிர்ப்பெருக்கம் படித்தவன். பல ஆண்டுகள் நெல் விதை உற்பத்தி வயல்களில் கலவன் (ரகத்தோடு சேராத செடி) பிடுங்கவும் கணக்கெடுக்கவும் செய்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். காட்டு நெல்லும் வயல் நெல்லும் கலக்கும் என்பது உறுதி. உங்கள் வயலில் இப்போது நிற்கும் வரிநெல்லில் பெரும்பகுதி அப்படி வந்ததல்ல, விதையாகவே உள்ளே வந்தது என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் மீசையும் உயரமும் தெரிகின்றன, பரம்பரை தெரியாது. அதைக் கண்டுபிடிக்க நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையைக் கடைசியில் சொல்கிறேன்.

இனம் என்கிற விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். கலந்து பிறக்கும் குட்டி மலடாக இருந்தால் பெற்றோர் இரண்டும் வேறு இனம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். விலங்குகளுக்கு அது ஓரளவு பொருந்தும். செடிகளில் அந்த எல்லைக்கோடு பல இடங்களில் மங்கிக் கிடக்கிறது. நாம் பயிர் செய்வது ஒரைசா சட்டைவா. குளம், வாய்க்கால், சதுப்பு ஓரங்களில் நிற்பவை பெரும்பாலும் ஒரைசா ரூஃபிபோகான் அல்லது ஒரைசா நிவாரா. முதலாவது பல ஆண்டு வாழும், இரண்டாவது ஒரே பருவத்தில் முடிந்துவிடும். தாவரவியல் பெயர் மூன்றாக இருந்தாலும் மூன்றுக்கும் 24 குரோமோசோம், அதுவும் ஏ வகை என்று குறிக்கப்படும் ஒரே வகைத் தொகுதி. கலந்தால் சட்டைப் பொத்தானும் காஜாவும் போல அவை ஜோடி சேர்ந்துகொள்ளும். அதனால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகாமல் மணி பிடிக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் நெல்லே ரூஃபிபோகானிலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுத்து எடுத்ததுதான். தாய்வீட்டு உறவு இன்னும் அறுந்துபோகவில்லை.

ஆனால் காட்டு நெல் என்று பெயர் இருந்தாலே கலந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. உங்கள் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மலம்புழையின் பெயரையே தாங்கிய ஒரு காட்டு நெல் உண்டு, ஒரைசா மலம்புழயென்சிஸ். 1950களில் கிருஷ்ணசுவாமி, சந்திரசேகரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். அதற்கு 48 குரோமோசோம். பி வகை இரண்டு தொகுதி, சி வகை இரண்டு தொகுதி. அதாவது என்றோ ஒரு காலத்தில் இரண்டு வெவ்வேறு காட்டு நெல் இனங்கள் கலந்து, குரோமோசோம் இரட்டித்து, அந்தக் கலப்பே தனி வகையாக நிலைத்துவிட்டது. கலப்பினம் என்றால் கெட்டுப்போனது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. இயற்கை புது இனங்களை உருவாக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. சரி, அந்த மலம்புழை நெல் உங்கள் ஜோதியோடு தானாகக் கலந்து வயலில் பெருகுமா என்றால், மாட்டாது. ஏ வகைக்கு அங்கே ஜோடி கிடையாது. ஆராய்ச்சிக் கூடத்தில் கையால் மகரந்தம் தூவி, கருவைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தால் ஒரு செடி கிடைக்கலாம், அதுவும் மலடாகத்தான் நிற்கும்.

இதே குழப்பம் மற்ற பயிர்களிலும் உண்டு. வேலியில் சுண்டை நின்றால் கத்தரி கசந்துவிடும் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுண்டையும் கத்தரியும் ஒரே பேரினம்தான், ஆனால் வயலில் தானாகக் கலப்பதில்லை. சுண்டை வேரில் கத்தரியை ஒட்டுக் கட்டினாலும் மரபணு கலக்காது. அதே சமயம் முள்ளுள்ள காட்டுக் கத்தரி ஒன்று தரிசில் முளைக்கும். அது கத்தரியோடு எளிதாகவே கலக்கும். 2010 பிப்ரவரியில் மரபணு மாற்றிய பிடி கத்தரியின் வெளியீட்டை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது எழுந்த கவலைகளில் இதுவும் ஒன்று. கரும்பில் கதை வேறு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ல் தொடங்கியது. அங்கே தடித்த கரும்பையும் ஆற்றோரத்தில் தானாக வளரும் காட்டுக் கரும்பையும் கலந்து 1918ல் கோ 205 என்ற ரகத்தைக் கொடுத்தார்கள். தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் 1930களில் அதே நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையுமே கலந்து காட்டினார். இத்தனை தூரத்து உறவோடு கலக்கும் பயிராக இருந்தும், ஆற்றோரக் காட்டுக் கரும்பால் என் கரும்பு கெட்டது என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. காரணம் எளிது. கரும்பைக் கரணை வைத்து நடுகிறோம், விதை போட்டு அல்ல. பூவில் எந்த மகரந்தம் விழுந்தாலும் கரணையில் இருப்பது தாய்க்கரும்பேதான். கொடித்துண்டு நட்டு வளர்க்கும் மிளகுக்கும், கன்று பிரித்து வைக்கும் வாழைக்கும் இதே நியாயம். விதையை எடுத்து மறுபடி விதைக்கும் பயிரில்தான் மகரந்தக் கலப்பு அடுத்த போகத்தில் கண்ணுக்குத் தெரியும். நெல் அப்படிப்பட்ட பயிர்.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். நெல் பூ பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு மேல் திறக்கும். உமி பிளக்கிற அந்தச் சமயத்திலேயே மகரந்தப் பை வெடித்து, தன் தூள் தன் சூல்முடியிலேயே விழுந்துவிடும். ஒரு மணி நேரம் போல் திறந்திருந்து மூடிக்கொள்ளும். காற்றில் பறக்கும் தூளின் உயிர் சில நிமிடங்கள்தான். அதனால்தான் நெல்லைத் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்கிறோம். பக்கத்துச் செடியோடு கலப்பது பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சில மீட்டர் தள்ளிப் போனால் அது இன்னும் வேகமாகக் குறைந்துவிடும். சாதாரண ரகங்களின் விதை வயலுக்கு 3 மீட்டர் இடைவெளி போதும் என்று இந்திய விதைச் சான்று விதிகள் வைத்திருப்பது இந்த நம்பிக்கையில்தான்.

காட்டு நெல்லின் பூ இதிலிருந்து கொஞ்சம் மாறுபடும். சூல்முடி நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தப் பையும் பெரிது, அயல் தூளை ஏற்கும் குணம் அதிகம். கிழக்கு ஆசிய வயல்களில் அளந்து பார்த்த ஒரு ஆய்வில், பயிர் நெல்லிலிருந்து களை நெல்லுக்கு மரபணு போனது 10,000 விதையில் 1 முதல் 5 வரை. ரூஃபிபோகானுக்குப் போனது 100 விதையில் 1 முதல் 2 வரை. ஒவ்வொரு ஊரிலும் காற்றும் பூக்கும் நேரமும் வேறு, அதனால் இந்த எண்களை அப்படியே பாலக்காட்டுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் போக்கு தெளிவு. காட்டு நெல்தான் அதிகம் வாங்கிக்கொள்கிறது, பயிர் நெல் அவ்வளவாக வாங்குவதில்லை.

அதோடு கூட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் ஒரே நாளில் பூக்கும் ஜோதி ஒரு பக்கம், குளத்தோரத்தில் ஒரு கைப்பிடி காட்டு நெல் இன்னொரு பக்கம். மகரந்தம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு வெள்ளமாகப் போகும்? வயலிலிருந்து குளத்துக்குத்தான். உங்கள் நெல்லைக் காட்டு நெல் கெடுப்பதைவிட, காட்டு நெல்லை உங்கள் நெல் மாற்றுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பக்கத்து வயல்காரர் சொல்வதில் ஒரு உண்மை உண்டு, அதையும் ஒதுக்கவில்லை. குளத்தோரத்தில் பிறந்த கலப்பு மணி தண்ணீரோடு மடை வழியாக வயலுக்குள் வரலாம். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் போகத்துக்குப் போகம் இப்படிக் கூடிக்கொண்டே போகும் அளவுக்கு அது ஒன்றே காரணமாக இருக்காது.

பிறகு எது காரணம்? களை நெல் எங்கே பிறந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏ வகைக் காட்டு நெல் எதுவும் இயற்கையாகக் கிடையாது. ஆனாலும் அங்கே களை நெல் பெரிய தொல்லை. மரபணுவை ஆராய்ந்ததில், அதன் முக்கியமான இரண்டு வகைகளும் ஆசியாவின் பயிர் நெல் ரகங்களிலிருந்தே கிளைத்து, உதிரும் குணத்தைத் திரும்பப் பெற்று, விதையோடு விதையாகக் கப்பல் ஏறி வந்தவை என்று தெரிந்தது. அதாவது காட்டு நெல்லின் துணை இல்லாமலே பயிர் நெல் களையாக முடியும். தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் காட்டு நெல் பக்கத்திலேயே இருப்பதால் அதன் மரபணுவும் களை நெல்லில் சேர்ந்திருக்கிறது. இவ்வளவு தூரம் உறுதி. உங்கள் வயலில் நிற்பவற்றில் அந்தப் பங்கு எவ்வளவு என்பது மரபணுப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

எப்படிப் பிறந்திருந்தாலும், வயலிலிருந்து வயலுக்கு அது போகும் வழி விதைதான். நம் பக்கத்தில் நாற்று நடவு குறைந்து நேரடி விதைப்பு கூடியதிலிருந்து வரிநெல்லுக்கு நல்ல காலம் வந்துவிட்டது. நடவில் வரிசை தெரியும், வரிசைக்கு வெளியே முளைப்பதைப் பிடுங்கலாம், தேங்கி நிற்கும் தண்ணீரும் தொளியும் பல விதைகளை முளைக்க விடாது. கைவிதைப்பில் எது பயிர், எது களை என்று கதிர் வரும்வரை தெரியாது. அடுத்தது அறுவடை இயந்திரம். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒவ்வொரு ஊராக அறுத்துக்கொண்டு போகும் இயந்திரத்தின் தொட்டியிலும் சல்லடையிலும் முந்திய வயலின் மணிகள் தங்கியிருக்கும். உங்கள் வயலில் முதல் சில நடை அறுக்கும்போது அவை விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாதது. சான்று பெற்ற விதை மூட்டையிலும் களை நெல் பூஜ்யம் கிடையாது. விதி ஒரு கிலோவுக்கு 5 மணி வரை அனுமதிக்கிறது. ஆதார விதைக்கு 2. ஏக்கருக்கு 40 கிலோ கைவிதைப்பாகப் போட்டால், விதிக்குள் நிற்கும் மூட்டையிலிருந்தே 200 களை நெல் மணி வயலுக்குள் போகலாம். அவற்றில் பாதி முளைத்து உதிர்த்தாலும், கவனிக்காமல் விட்டால் மூன்றாவது நாலாவது போகத்தில் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பாருங்கள். நல்ல மூட்டையில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், நான் சொல்வது மேல் எல்லை. சான்று விதை வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாங்கின விதையாக இருந்தாலும் முதல் போகத்திலேயே கண் வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜோதியிடம் இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம் பிடிபி 10 என்ற நாட்டு ரகத்தையும் ஐஆர் 8-ஐயும் கலந்து 1974ல் கொடுத்த ரகம் அது. ஐஆர் 8-இன் அரிசி வெள்ளை. ஜோதியின் சிவப்பு பிடிபி 10-இலிருந்து வந்தது. வெள்ளை அரிசி விளையும் ஊரில் களை நெல் கலந்தால் ஆலையில் சிவப்பு அரிசி பளிச்சென்று தெரியும், விலையைக் குறைப்பார்கள், விவசாயி உடனே விழித்துக்கொள்வார். மட்டை என்ற சிவப்பு அரிசி விளையும் பாலக்காட்டில் களை நெல்லின் சிவப்பும் பயிரின் சிவப்பும் ஒன்றில் ஒன்று மறைந்துவிடும். யாரும் எச்சரிக்காமலே ஓரிரு போகம் ஓடிவிடும். உங்கள் பகுதியில் இது இவ்வளவு முற்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

அரிசியின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. காட்டு நெல் சிவப்பு. உலகில் விளையும் வெள்ளை அரிசி ரகங்களில் மிகப் பெரும்பாலானவை வெள்ளையானது ஒரே ஒரு மரபணுவில் நடந்த ஒரே மாற்றத்தால்தான். 14 டிஎன்ஏ எழுத்துகள் அதில் விடுபட்டுப் போயின. அந்த மாற்றம் முதலில் ஜப்பானிகா வகை நெல்லில் பிறந்து, கலப்பு வழியாக இன்னொரு நெல் வகையான இண்டிகாவுக்குள் வந்து, மனிதர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்ததால் எங்கும் பரவியது. மரபணு ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போவது களைக்கு மட்டும் நடப்பதல்ல. நம் சாப்பாட்டுத் தட்டுக்கும் அதே வழியில்தான் வெள்ளைச் சோறு வந்தது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். கலப்பு அரிதாக நடப்பதா, அடிக்கடி நடப்பதா என்பது பாதிக் கேள்விதான். கலந்து பிறந்த செடி பிழைக்கிறதா, பெருகுகிறதா என்பது மீதி. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாம். மத்திய இந்தியாவில், இன்றைய சத்தீஸ்கர் பக்கத்தில், விதைப்பு வயல்களில் காட்டு நெல் தொல்லை பழைய காலத்திலிருந்தே உண்டு, அங்கே கர்கா என்பார்கள். இளம் பருவத்தில் பயிரையும் அதையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் ஊதா நிற இலை உள்ள நெல் ரகங்களை விதைத்தார்கள். பச்சையாகத் தெரிவதெல்லாம் களை, பிடுங்கிவிடலாம். அருமையான யோசனை, முதலில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பிடுங்காமல் தப்பிய சில காட்டு நெல், ஊதா ரகத்தோடு அரிதாகக் கலந்தது. கலந்து பிறந்ததில் ஊதா இலையோடு வந்த செடியைக் களை எடுப்பவர் பயிர் என்று விட்டுவிட்டார். பச்சையாக வந்ததைப் பிடுங்கினார். சில ஆண்டுகளில் காட்டு நெல்லும் ஊதாவாகிவிட்டது.

இதில் மகரந்தம் செய்தது சிறிய வேலை. ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்று மரபணுவைக் கொண்டுவந்து வைத்தது, அவ்வளவுதான். அந்த ஒன்றைக் காப்பாற்றி மற்றதை அழித்து ஊதாவைப் பெருக்கியது களை எடுத்த கை. உங்கள் வயலிலும் இதுதான் நடக்கும். மீசையைப் பார்த்து மட்டும் பிடுங்கினால் மீசை இல்லாத வரிநெல் மிஞ்சும். உயரத்தைப் பார்த்து மட்டும் வெட்டினால் ஜோதி உயரத்திலேயே நிற்கும் வரிநெல் மிஞ்சும். அந்தக் குணங்களெல்லாம் பெரும்பாலும் ஜோதியிடமிருந்தே கலப்பில் வந்தவையாக இருக்கும். குளத்தோரத்துக் கலப்பைவிட, வயலுக்குள் பயிரோடு தோளுரசி ஒரே நாளில் பூக்கும் வரிநெல்லோடு நடக்கும் கலப்புதான் நாம் கவலைப்பட வேண்டியது.

இதனால்தான் களைக்கொல்லி தாங்கும் நெல் ரகம் வந்தால் வரிநெல் தொல்லை தீர்ந்துவிடும் என்று சொல்பவர்களிடம் நான் கொஞ்சம் நிதானமாக இருங்கள் என்கிறேன். அமெரிக்காவில் இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லியைத் தாங்கும் நெல் 2002ல் வயலுக்கு வந்தது. மரபணு மாற்றப்பட்டது அல்ல, இயல்பான மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. முதலில் களை நெல் செத்தது. சில ஆண்டுகளுக்குள் அதே மருந்தைத் தாங்கும் களை நெல் வயல்களில் நின்றது. இத்தாலியிலும் பிரேசிலிலும் இதுவே நடந்தது. கலப்பின் அளவு பத்தாயிரத்தில் சில விதைகள்தான். ஆனால் மருந்து தெளித்த வயலில் மற்ற எல்லாம் செத்து அந்தச் சில விதைகள் மட்டும் உயிரோடு நிற்கும்போது, அடுத்த போகம் அவற்றுடையது. நம் நாட்டில் 2021ல் அதே வகைக் களைக்கொல்லியான இமாசெதபைரைத் தாங்கும் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்ற இரண்டு ரகங்களை வெளியிட்டார்கள். தண்ணீரும் கூலியும் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் ஏற்கனவே வரிநெல் நிறைந்த, பக்கத்தில் காட்டு நெல்லும் உள்ள பாலக்காட்டு வயலில் அப்படி ஒரு ரகத்தைப் போகம் தவறாமல் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மரபணு மாற்றாத ரகம்தானே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். மகரந்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

குளத்தோரத்தை வழிப்பது பற்றிச் சொல்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அதனால் உங்கள் வரிநெல் குறையாது, இழப்பு மட்டும் நிச்சயம். தைவானில் இருந்த காட்டு நெல் 1970களில் இயற்கையிலிருந்து அழிந்துபோனது. வாய்க்காலும் குட்டையும் மாறியது ஒரு காரணம், சுற்றிலும் விளைந்த பயிர் நெல்லின் மகரந்தம் கலந்து கலந்து அது தன் தன்மையை இழந்தது இன்னொரு காரணம். காட்டு நெல் எதற்கு வேண்டும் என்று கேட்டால், நெற்பயிரைப் புல் போலக் குட்டையாக்கும் வைரஸ் நோயின் கதையைச் சொல்வேன். புகையான் பூச்சி பரப்பும் நோய் அது. 1970களில் ஆசியாவின் பல நாடுகளை அச்சுறுத்தியது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தும் எதிர்ப்பு சக்தி ஒன்றே ஒன்றில்தான் கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு நிவாராவில். அந்த மரபணுவை ஏற்றி வந்த ஐஆர் 36 போன்ற ரகங்கள்தான் பிறகு கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்தன. குளத்தோரத்துப் புல் என்று நாம் நினைப்பதில் நாளைக்கு என்ன தேவைப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் குளத்துக் காட்டு நெல் இன்னும் கலக்காமல் இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். திருச்சூர் வெள்ளானிக்கரையில் தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்தின் நிலையம் இருக்கிறது, இப்படிப்பட்டவற்றைச் சேகரிப்பது அவர்கள் வேலை. வழிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வயலுக்குச் செய்ய வேண்டியது எதுவும் புதிது அல்ல, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். விதைப்புக்கு முன் நிலத்தை லேசாக உழுது, தண்ணீர் விட்டு ஈரமாக்கி, மேலே கிடக்கும் வரிநெல்லை முளைக்க விட்டு, இரண்டு இலை வந்ததும் உழுது அழியுங்கள். நாள் இருந்தால் இன்னொரு தடவையும் செய்யுங்கள். மண்ணுக்குள் உறங்கும் விதை சில ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும், அதனால் ஒரு போகத்தில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முடிந்தால் ஓரிரு போகம் நடவுக்குத் திரும்புங்கள், வரிசை தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு போகம் உளுந்தோ எள்ளோ போட முடிகிற வயலாக இருந்தால் இன்னும் நல்லது. கதிர் வந்த பிறகு, உதிர்வதற்கு முன், பயிருக்கு மேலே தலை நீட்டுவதை வெட்டி எடுங்கள், வரப்பில் போடாமல் வெளியே கொண்டுபோய் எரியுங்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் களைக்கொல்லியில் நனைத்த துடைப்பான் கருவி ஒன்றை இதற்காகவே உருவாக்கியிருக்கிறது. பயிரைத் தொடாமல் மேலே நிற்கும் வரிநெல் கதிரில் மட்டும் மருந்து படும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் கிருஷிபவனில் (ஊர் வேளாண் அலுவலகத்தில்) கேட்டுச் செய்யுங்கள், அதை நான் இங்கிருந்து சொல்வது முறையல்ல. அறுவடை இயந்திரம் வயலில் இறங்குவதற்கு முன் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்துங்கள். ஓட்டுபவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

சொந்த விதையை விட வேண்டியதில்லை. நெல்லில் சொந்த விதை கெடுவது மகரந்தத்தால் அல்ல, கலப்படத்தால். வயலின் நடுவில், வரிநெல் இல்லாத ஒரு சின்னப் பாத்தியை விதைக்கென்று ஒதுக்குங்கள். அதைச் சுற்றி 3 மீட்டருக்கு ஒரு வரிநெல்கூடப் பூக்க விடாதீர்கள். தூர் கட்டும்போது, பூக்கும்போது, அறுப்பதற்கு முன் என்று மூன்று முறை நடந்து கலவனைப் பிடுங்குங்கள். மீசை, உயரம் என்று ஒன்றை மட்டும் பார்க்காமல் இலை நிறம், தூரின் விரிவு, கதிர் வரும் நாள், மணி உதிர்வது என்று எல்லாவற்றையும் பாருங்கள். அந்தப் பாத்தியைக் கையால் அறுத்துத் தனியாக அடித்து வையுங்கள். இந்தப் போகம் அப்படி ஒரு பாத்தி கிடைக்காத அளவுக்கு வயல் நிறைந்துவிட்டதென்றால், ஒரு போகம் மட்டும் பட்டாம்பியிலிருந்தோ நம்பகமான வேறு இடத்திலிருந்தோ விதை வாங்கி, மேலே சொன்னபடி முதலிலிருந்தே காத்துக்கொண்டு போகலாம்.

முதலில் சொன்ன சோதனை இதுதான். உங்கள் வயலில் வெவ்வேறு மாதிரி தெரியும் ஏழெட்டு வரிநெல் செடிகளைத் தேர்ந்தெடுங்கள். கதிர் பழுக்கத் தொடங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்பை கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மணி உதிர்ந்துவிடும். ஒவ்வொரு செடியின் மணியையும் தனித்தனியாகக் காய வைத்து, உறக்கம் தெளிய இரண்டு மூன்று மாதம் வைத்திருங்கள். பிறகு வீட்டுப் பக்கத்தில், வயலுக்கு நீர் போகாத இடத்தில், ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் ஒரு வரிசை என்று முப்பது நாற்பது நாற்று வளர்த்துப் பாருங்கள். ஒரு வரிசை முழுவதும் தாயைப் போலவே ஒரே உயரம், ஒரே மீசை, ஒரே நிறம் என்று வந்தால் அது நெடுநாளாக நிலைத்துவிட்ட களை நெல், விதையாக வந்தது. ஒரே வரிசையில் ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்றுக்கு மீசை, ஒன்றுக்கு இல்லை என்று கலைந்து வந்தால் அந்தத் தாய் அண்மையில் நடந்த கலப்பில் பிறந்தது. குளத்துக் காட்டு நெல்லிலும் இரண்டு மூன்று செடியின் மணியை இதேபோல் போட்டுப் பாருங்கள். ஆனால் அது இயல்பாகவே கொஞ்சம் கலந்து வரும், அதனால் அங்கே சின்ன வேறுபாட்டைப் பெரிதாக எடுக்க வேண்டாம். குட்டையாக, ஜோதி ஜாடையில் ஒன்றிரண்டு வந்தால் மட்டும் வயலின் மகரந்தம் அங்கே போயிருக்கிறது என்று அர்த்தம். பூப்பதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கதிர் பால் பிடித்ததும் இன்னொரு படம். மணி பழுக்க விடாமல் எல்லாவற்றையும் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். இரண்டு படங்களையும் வரிசை எண்ணோடு இங்கே போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.